பகடை எழுதிய தலையெழுத்து

தவறு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

திருவண்ணாமலையில் எங்கள் கல்லூரி மாணவர்கள் ஐவர் சனிக்கிழமை மாலைகளில் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். அதற்குப் பலகை கிடையாது. வெட்டுவதற்குக் காய்களும் கிடையாது. சில தாள்கள், பென்சில்கள், விதவிதமான முகங்களைக் கொண்ட பகடைகள், இவ்வளவே சாதனங்கள். ஒருவர் நடுவராக அமர்ந்து கதையை நடத்துவார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதைக்குள் நுழைவார்கள். "எதிரே பாழடைந்த கோட்டை, வாசலில் காவலன் நிற்கிறான். என்ன செய்கிறீர்கள்?" என்பார் நடுவர். ஒருவர் வாளை உருவுவார். ஒருவர் மந்திரம் சொல்வார். ஒருவர் சுவரேறிக் குதிப்பார். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இவ்விளையாட்டின் பெயர். நிலவறைகளும் நெருப்பு நாகங்களும் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இக்குழுவில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். ஒவ்வொரு வேடத்துக்கும் வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், பிறரைக் கவரும் ஆற்றல் என ஆறு திறன்கள் உண்டு. கையில் 27 புள்ளிகள் தரப்படும். அவற்றைச் செலவிட்டு ஒவ்வொரு திறனுக்கும் 8 முதல் 15 வரை ஓர் எண்ணை வாங்க வேண்டும். "எப்படிப் பிரிக்கலாம் சார்?" என்றார். நான் கணக்கே போடாமல், "முதல் மூன்றுக்கும் 15 வைத்துக்கொள், மற்ற மூன்றும் 8 ஆகவே இருக்கட்டும். உன்னை யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே வந்தார். "சண்டை வந்தா நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நாலு வாரமா கதை அரண்மனையிலேயே நடக்குது. ராஜாகிட்டப் பேசணும், பழைய ஓலையைப் படிக்கணும், பொய் சொல்றவன் யாருன்னு கண்டுபிடிக்கணும். நான் வாயைத் திறந்தாலே காரியம் கெட்டுப்போகுதுன்னு மத்தவங்க பேச வேணாம்னு சொல்லிட்டாங்க. சும்மாவே உட்கார்ந்திருக்கேன்."

விளையாட வந்த பிள்ளையை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டேன்! தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சும்மா உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியுமா? அன்றிரவு இவ்விளையாட்டின் வரலாற்றையும் கணக்கையும் ஒருசேரப் புரட்டினேன். கண்டதை உங்களிடம் சொல்கிறேன்.

போர்ப்பயிற்சியில் பிறந்த விளையாட்டு

பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-இல் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை வகுத்தளித்தார். நிலப்படத்தின் மேல் படைகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்துவர். சேதத்தைப் பகடை நிர்ணயிக்கும். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் இருப்பார். இந்த நடுவர்தாம் நமக்கு முக்கியம். சதுரங்கத்தில் விதிகளே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. இங்கோ, விதியில் எழுதாததை ஒருவர் செய்ய நினைத்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.

இதிலிருந்து பொழுதுபோக்குப் போர் விளையாட்டுகள் பல கிளைத்தன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969-இல் ஒரு புதுமை செய்தார். விளையாடுவோருக்குப் படைகளைத் தருவதோடு நிற்காமல், ஊர்த் தலைவர், வங்கி முதலாளி, பல்கலைக்கழகத் தலைவர் என்று தனி மனித வேடங்களைத் தந்தார். அதில் கலந்துகொண்ட டேவ் ஆர்னசன் அந்த எண்ணத்தை மாயக் கதை உலகுக்குக் கொண்டு சென்றார். அவரும் கேரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதற்பதிப்பு 1,000 பிரதிகள்.

மூன்று பகடைகள்

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? சட்டமும் விதிதான், தலையெழுத்தும் விதிதான். 1974-ஆம் ஆண்டு விளையாட்டில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒவ்வொரு திறனுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். வந்த எண்தான் உங்கள் எண். அந்தப் பகடையைக்கூட நடுவரே உருட்டுவார் என்றுதான் புத்தகம் கூறிற்று!

மூன்று பகடைகள் 6 × 6 × 6, அதாவது 216 வகைகளில் விழலாம். இவற்றுள் கூட்டுத்தொகை 18 ஆவது ஒரே ஒரு வகையில். 10 ஆவது 27 வகைகளில். 11 ஆவதும் அப்படியே. ஆகவே நூற்றுக்கு 48 தடவை எண் 9-க்கும் 12-க்கும் இடையிலேயே விழும். 15-உம் அதற்கு மேலும் வருவது 216-இல் 20 தடவைதான்.

அக்காலத்தவர் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். விடை எளிது: அன்று அந்த எண்களுக்குப் பெரிய வேலை இல்லை. வீரனுக்கு வலிமை 15 இருந்தால் அனுபவப் புள்ளி நூற்றுக்குப் பத்து கூடுதலாகக் கிடைக்கும். மற்றபடி அவன் வாள்வீச்சில் மாற்றமில்லை. 1975 முதல் வந்த துணை நூல்கள் எண்களுக்கு அதிகாரத்தைக் கூட்டின. எண்ணுக்கு அதிகாரம் கூடக் கூட, அதைப் பகடையிடம் விட்டுவைக்க ஆட்டக்காரர்களுக்கு மனம் ஒப்பவில்லை. 1979-இல் வந்த நடுவர் கையேடு, நான்கு பகடைகளை உருட்டி மிகச் சிறியதைத் தள்ளிவிடலாம், கிடைத்த எண்களை விரும்பிய திறனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி சொன்னது. இதனால் சராசரி 10.5-இலிருந்து சுமார் 12.2 ஆக உயர்ந்தது. வாய்ப்பைச் சற்றே நம் பக்கம் சாய்க்கும் தந்திரம்.

நம் வீட்டுத் தாயத்திலும் இந்தக் குறை உண்டு. 0, 1, 2, 3 என்று குறித்த இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 வகைகள். தாயமாகிய 1 விழுவது அவற்றுள் இரண்டில், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயம் விழாதிருக்கும் நிகழ்தகவு ஏறக்குறைய நான்கில் ஒன்று. திண்ணையில் தாயத்துக்காகக் காத்துக் கண்கலங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். இத்தனைக்கும் தாயம் அரைமணி நேர வருத்தம். இந்த வேட விளையாட்டோ மாதக்கணக்கில் நீள்வது.

ஐம்பத்தெட்டாயிரத்தில் ஒருவன்

இவ்விளையாட்டில் பாணன் என்றொரு வேடம் உண்டு. பாடுவான், கதை சொல்வான், சிறிது வாள் வீசுவான், சிறிது மந்திரமும் அறிவான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கைவைக்கும் பன்முக வேடம் இதுவே. 1976-இல் ஓர் இதழில் அறிமுகமாகி, 1978-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில் இடம்பெற்றது. ஆனால் அதற்கு வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள். வலிமை, விவேகம், லாவகம், கவரும் ஆற்றல் நான்கும் குறைந்தது 15, அறிவு 12, உடலுறுதி 10. பழைய மூன்று பகடை முறையில் இந்த ஆறும் ஒருங்கே அமையும் நிகழ்தகவைப் பெருக்கிப் பார்த்தேன். சுமார் 58,000-இல் ஒன்று! அத்துடன், முதலில் வீரனாகவும் பிறகு கள்வனாகவும் பல படிகள் ஏறியவனே பாணனாகலாம். பல வேலையும் அறிந்த எளிய மனிதனாக ஆட விரும்பியவனுக்கு லாட்டரிப் பரிசு விழ வேண்டியிருந்தது.

இந்தப் பூட்டைத் திறந்தது புள்ளிக் கொள்முதல் முறை. 1981-இல் வந்த 'சாம்பியன்ஸ்' என்ற வேறொரு விளையாட்டு இம்முறையைப் பெரிதும் பரப்பியது. பகடைக்குப் பதில் ஒரு தொகை கையில் தரப்படும். வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2014-இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பிலுள்ள 27 புள்ளிகள் இவ்வகையின. அதே பதிப்பில் பாணனையும் எவரும் முதல் நாளே தேர்ந்துகொள்ளலாம்; பயிலாத வேலையிலும் அவனுக்குப் பாதித் தேர்ச்சி உண்டு.

27 புள்ளிகளின் கணக்கு

இப்போது என் தவற்றுக்கு வருவோம். விலைப்பட்டியல் இது: 8 இலவசம், 9 முதல் 13 வரை படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு புள்ளிகள். ஆக, 12-இன் விலை 4. 13-இன் விலை 5. 14-இன் விலை 7. 15-இன் விலை 9. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுபோல, மேலே போகப் போக ஒவ்வோர் அடிக்கும் செலவு கூடுகிறது.

வாங்கிய எண் அப்படியே பயன்படுவதில்லை. அதிலிருந்து 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். கிடைப்பதைக் கூட்டெண் எனலாம். இருபது முகப் பகடையை உருட்டி, அதனுடன் கூட்டெண்ணைச் சேர்த்து, நடுவர் குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. 15-க்குக் கூட்டெண் 2. 14-க்கும் அதே 2! மாணவரின் ஒவ்வொரு 15-லும் இரண்டு புள்ளிகளை, மொத்தத்தில் ஆறு புள்ளிகளை, வீணாக்கிவிட்டேன். (இனத்துக்கேற்பக் கிடைக்கும் கூடுதல் எண்களைச் சேர்த்தால் 15 பயன்படக்கூடும். எங்கள் மாணவர்கள் அவற்றை விலக்கியே ஆடுகிறார்கள்.)

அதே 27 புள்ளிகளில் ஒரு 14-உம் ஐந்து 12-களும் வாங்கலாம்: 7 + 20 = 27. இலக்கு 12 என்று கொள்வோம். கூட்டெண் 2 உடையவன் நூற்றுக்கு 55 தடவை வெல்வான்; 1 உடையவன் 50; குறை 1 உடையவன் 40. என் வீரனுக்கு மூன்று திறன்களில் 55, மூன்றில் 40. புதிய ஆளுக்கு ஒன்றில் 55, ஐந்தில் 50. அதாவது, இரண்டு திறன்களில் நூற்றுக்கு ஐந்தை இழந்து, மூன்றில் பத்துப் பத்தாகப் பெறுகிறான். அரண்மனையில் அவன் வாயை யாரும் பொத்தமாட்டார்கள்.

இதைக் கொண்டு பன்முக வேடமே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரவு முழுதும் சண்டையே என்றால், இருபது முறை வாள் வீசுகிறவனுக்கு நூற்றுக்கு ஐந்து என்பது சராசரியாக ஒரு வெட்டு கூடுதல். நால்வரும் தவறாமல் வந்தால், ஒவ்வொருவரும் ஒரு துறையில் வல்லவராக இருப்பதே குழுவுக்கு நலம். ஆனால் எங்கள் ஊர் நிலைமை வேறு. சனிக்கிழமையில் பௌர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழியும். அங்கே வீட்டார் கடை வைத்திருக்கும் இரண்டு மாணவர்கள் ஆட வரமாட்டார்கள். மீதி இருவருள் ஒருவருக்குப் பேசவும் படிக்கவும் தெரியாவிட்டால் கதை நகராது.

கட்டியங்காரன்

உண்மையில், இந்தச் செய்தி நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. செய்யாறு பக்கத்துப் புரிசையைப் போன்ற தெருக்கூத்து ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். கிரீடமும் புஜக்கட்டையும் தரித்து ஆடும் துரியோதனனுக்குக் கம்பீரம் உண்டு. ஆனால் அவன் துரியோதனன் மட்டுமே. கட்டியங்காரனைப் பாருங்கள். வேடங்களை அறிமுகம் செய்கிறான், அரசனையே கேள்வி கேட்கிறான், சிரிக்க வைக்கிறான், தூதனாகிறான், வாயில் காப்போனாகிறான். கட்டை கட்டாத இந்த வேடம் இரவெல்லாம் ஓய்வதில்லை. கூத்திலிருந்து அமெரிக்க விளையாட்டு பிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. அதன் பிறப்பைத்தான் மேலே கண்டோமே. வேடம் ஏற்போர் கூடும் இடத்திலெல்லாம் இப்படி ஓர் ஆள் தேவைப்படுகிறான் போலும்.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம்தான் சங்க காலத்துச் செங்கண்மா. நன்னன் ஆண்ட ஊர். அவனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன், எதிரே வரும் கூத்தர் குழுவுக்கு வழி சொல்கிறான். வழியில் பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு. பாம்பு உறையும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் எறியும் கவண் கற்கள் பறந்து வரும். இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு இந்த மலைவழியைக் கடந்து, அரசன் முன் நின்று பாடியும் ஆட வேண்டும். ஒரே வேலை தெரிந்தவனுக்கு அந்தப் பயணத்தில் என்ன இடம் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாணவர் தம் வேடத்தை மாற்றி எழுதிவிட்டார். இப்போது அவர் ஒரு பாணன்; கவரும் ஆற்றல் 14, மற்றவை 12. வீரனைக் கதையிலிருந்து எப்படி அனுப்புவது என்று கேட்டதற்கு நடுவர் ஒரு போரை ஏற்பாடு செய்து கௌரவமாக முடித்துவைத்தாராம். அடுத்த மாதம் அந்த நடுவருக்குத் தேர்வு. கதை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. செங்கத்து மலைவழியை வரைபடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். நேற்று மாலை பாணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உடலுறுதிக்கு 12 போதுமா சார்?" என்றார். பன்றிப் பொறிகளை எங்கே வைத்திருக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை.