சேங்கொட்டையின் ஒன்றுவிட்ட தம்பி

பேராக் வரைபடத்தில் மரங்களே ஊர்களாகி நிற்கின்றன. ஈப்போ ஒரு மரம். ஓராங் அஸ்லி வேடர்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவியது அதன் பாலைத்தான். சுங்காயும் மரம்தான், கிளையை வெட்டி நட்டால் துளிர்த்து வேலியாகிவிடும் பரம சாது. மூன்றாவது, கோலகங்சார் பக்கத்தில் இருக்கும் பாடாங் ரெங்காஸ். ஈப்போவின் நஞ்சு இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்தும். ரெங்காஸ் அவ்வளவு தூரம் போகாது, பெரும்பாலும் தோலோடு நின்றுகொள்ளும். ஆனால் பட்டவனைக் கேட்டால் தெரியும்.

ரெங்காஸ் என்பது ஒரே மரமல்ல; மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்த பல மரங்களுக்கு மலாயில் பொதுப்பெயர். ஆற்றோரத்திலும் சதுப்பிலும் வளரும். உள்ளே சிவந்த வைரம், தச்சர் கண்ணைப் பறிக்கும். பட்டையைக் கீறினால் வடியும் பால் காற்றுப் பட்டதும் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அடிமரத்தில் தார் ஒழுகியதுபோல் கறை இருந்தால் விலகிப் போவதே புத்தி.

ரெங்காஸுக்குத் தமிழில் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் ஊரில் இதன் பங்காளி ஒன்று இருந்தது: சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். ‘உடம்புக்குச் சேராத கொட்டை’ என்று பொருள் சொல்லத் தோன்றும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, நான் ஏற்கமாட்டேன். மரத்தின் பழம்பெயர் ‘சே’. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் இந்த ஓரெழுத்துப் பெயருக்குத் தனி விதியே உண்டு. மரமாயின் மெல்லெழுத்து மிகுந்து சேங்கோடு, சேந்தோல், சேம்பூ என்றாகும். காளையைக் குறிக்கும் ‘சே’யாயின் ‘இன்’ சாரியை பெற்றுச் சேவின்கோடு. கிளையா கொம்பா என்ற குழப்பம் தீர்ந்தது! ‘சேங்கொட்டை’யில் உள்ள ஙகர ஒற்று அந்த விதி இன்னும் உயிரோடிருப்பதற்குச் சாட்சி. சித்த மருத்துவர்கள் இதை எரிமுகி என்றும் அழைத்தார்கள். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள்.

வண்ணார்கள் இந்தக் கறுப்புக் கொட்டையில் ஊசியைக் குத்தி, நுனியில் ஒட்டிய சாற்றால் துணி ஓரத்தில் குறி வைப்பார்கள். சுண்ணாம்பு நீர் பட்டால் குறி அழியவே அழியாது. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப்பட்டையில் குறி பட்ட இடமெல்லாம் கொப்புளித்தது. சொந்த ஊரில் பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி பட்டுப் பழகிய தோல், சேங்கொட்டையையும் அடையாளம் கண்டுகொண்டது.

காரணம், எல்லாவற்றிலும் ஓடுவது ஏறக்குறைய ஒரே எண்ணெய். ஜப்பானிய அரக்கு மரமான உருஷியிலிருந்து வந்த பெயர் உருஷியால். அதன் அமைப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானிய வேதியியலர் ரிக்கோ மஜிமா. சேங்கொட்டையின் எண்ணெய்க்கு இந்திப் பெயரான பிலாவாவிலிருந்து பிலாவனால் என்று வைத்தார்கள். நம் ‘சே’க்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மேல்நாட்டு மருந்துக்கடைகளில் சேங்கொட்டைக்கு வழங்கிய அனகார்டியம் என்ற பெயரையும் 1753இல் லின்னேயஸ் முந்திரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பொருத்தம் இல்லாமலும் இல்லை. முந்திரி உடைக்கும் பெண்களின் விரல் கறுத்துப் புண்ணாவதும் ஓட்டிலுள்ள இதே இன எண்ணெயால்தான்.

எண்ணெய் தோலுக்குள் இறங்கிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. காவல் அணுக்கள் அந்தத் தோலையே அந்நியமாக எண்ணித் தாக்குகின்றன. முதல் முறை பட்டபோது பலருக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை ஓரிரு நாளில் அரிப்பு, வீக்கம், நீர்க்கொப்புளம், ஆற இரண்டு மூன்று வாரம். கொப்புள நீரால் பிறருக்குப் பரவாது. துணியிலும் கத்தியிலும் ஒட்டிய எண்ணெய்தான் பரப்பும்.

சுங்காய்ப் பக்கம் ஆற்றோரம் தூண்டில் போடுகிறவர்களுக்கும் விறகு வெட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பால் பட்டால் தாமதிக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கத்தியையும் கழுவுங்கள். ரெங்காஸ் விறகை எரிக்காதீர்கள். புகை நெஞ்சுக்குள் போனால் பெரும் ஆபத்து. கிளினிக்கில் ‘ஏதோ செடி’ என்று சொல்லாமல், ரெங்காஸ் என்று மரத்தின் பெயரைச் சொல்லுங்கள்.