நிலம் போன ஏட்டில் பாட்டன் பெயர்

கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் பெயர் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நியூசிலாந்தின் மாவோரி மக்களோ தங்கள் தலைமுறை வரிசையை மனப்பாடமாகவே காத்து வந்தவர்கள். ‘ஃபாக்காபாப்பா’ என்பார்கள். அது அரசாங்கக் காகிதத்தில் ஏறிய கதை வேடிக்கையானது, வேதனையானதும்கூட.

1865 சட்டப்படி அங்கே பூர்வகுடி நில நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது. குலத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தைத் தனி ஆட்கள் பேரில் பட்டா ஆக்குவது அதன் வேலை. பட்டா ஆகிவிட்டால் வெள்ளைக்காரர்கள் வாங்குவது சுலபம் அல்லவா!

உரிமை கேட்டு வந்தவர்கள் எந்த மூதாதை வழியில் வந்தோம், எங்கே பயிரிட்டோம், எங்கே புதைத்தோம் என்று சாட்சி சொன்னார்கள். அதெல்லாம் நீதிமன்றக் குறிப்பேடுகளில் பதிவானது. இன்று வேர் தேடும் பேரப்பிள்ளைகள் புரட்டுவது அவற்றைத்தான்.

ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒரு பட்டாவுக்குப் பத்துப் பெயர்கள்தான். எல்லா உரிமையாளர்களையும் பதியச் சொன்னது 1873 சட்டம். ஆகவே பெயர் இல்லை என்பதால் அந்தக் குலத்தவர் இல்லை என்று ஆகிவிடாது. வழக்கில் ஜெயிப்பதற்காகச் சொன்ன வரிசையும் உண்டு. எதிர்த்தரப்பு சாட்சியையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை பிடிபடும். ஒரே ஆளுக்குப் பல பெயர்கள் இருப்பது வேறு குழப்பம்.

1975-ல் வைதாங்கி தீர்ப்பாயம் வந்தது. இழந்த நிலத்துக்கு அரசிடம் நியாயம் கேட்டு அங்கே போனவர்கள் ஆதாரமாக நீட்டியவற்றில் அதே குறிப்பேடுகளும் இருந்தன.