எழுதாமல் விட்ட பக்கம்

நல்லவர் ஒருவர் சாகிறார். கதை படிக்கும் நாம் அடுத்த ஏட்டைப் புரட்டுகிறோம். எழுத்து இல்லை! தாளின் முன்பக்கமும் கறுப்பு, பின்பக்கமும் கறுப்பு. மை கொட்டிவிட்டதோ, அச்சுக்கோப்பவர் உறங்கிவிட்டாரோ என்று ஐயுறத் தோன்றும். மை கொட்டவுமில்லை, எவரும் உறங்கவுமில்லை. ஆசிரியரே விரும்பி இட்ட கறுப்பு அது. சொல்லால் அழுதது போதும், இனித் தாளே துக்கம் காக்கட்டும் என்று 1759-ல் ஓர் எழுத்தாளர் துணிந்தார்.

அவர் பெயர் லாரன்ஸ் ஸ்டெர்ன். தொழில்? பாதிரியார்! 1713-ல் அயர்லாந்தில், வசதியற்ற படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கற்றவர், யார்க் நகரை அடுத்த சிற்றூரில் பிரசங்கம் செய்து பிழைத்தவர். நாற்பத்தாறு வயதுவரை நாடறியாதவர். 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' என்னும் நாவலின் முதலிரு பகுதிகளை விலைக்கு வாங்க லண்டன் பதிப்பாளர் தயங்கவே, யார்க்கிலேயே அச்சேற்றினார். சில மாதங்களில் லண்டன் மாநகரம் அவரைக் கொண்டாடிற்று. ஒன்பதாம் பகுதி 1767-ல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

வாழ்க்கை வரலாறு என்று பெயர். கதாநாயகன் பிறப்பதோ மூன்றாம் பகுதியில்! முன்னுரையும் அந்த மூன்றாம் பகுதியின் நடுவில்தான். நான்காம் பகுதியில் 24-ஆம் அத்தியாயத்தைக் காணோம். பக்க எண்களும் தாவிக் குதிக்கின்றன. காரணம் கேட்டால், அந்த அத்தியாயம் மிகச் சிறப்பாக அமைந்துவிட்டதாம். மற்றவற்றோடு ஒட்டாது என்று கிழித்தெறிந்தாராம்! ஆறாம் பகுதியில், தம் கதை வளைந்தும் நெளிந்தும் சென்ற வழியைக் கோடுகளாகவே வரைந்து காட்டுகிறார். ஒன்பதாம் பகுதியில் இரண்டு அத்தியாயங்கள் வெறுந்தாளாக நிற்கின்றன. அவற்றின் எழுத்து ஏழெட்டு அத்தியாயம் கடந்தபின் வந்து சேருகிறது.

பழைய கணக்குப் பேரேடுகளின் அட்டையில் பல வண்ணங்கள் அலையலையாய்க் கலந்த காகிதத்தை ஒட்டியிருப்பார்களே, அத்தகைய ஏடு ஒன்று மூன்றாம் பகுதியில் குறுக்கிடுகிறது. முதற் பதிப்பில் ஒவ்வொரு படிக்கும் அதைக் கையாலேயே வண்ணத்தில் தோய்த்தார்கள். ஆகவே, ஒருவர் கையிலிருந்த நூலின் அந்தப் பக்கம் மற்றொருவர் நூலில் இல்லை. அச்சு என்பதே ஒன்றுபோல் ஆயிரம் செய்யும் கலை. அந்த அச்சைக் கொண்டே ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் புத்தகம் தந்தார் ஸ்டெர்ன்!

இவை வெறும் வேடிக்கையா? கோமாளிக் கூத்தா? டாக்டர் ஜான்சன் அப்படித்தான் கருதினார். விசித்திரம் நெடுநாள் நில்லாது என்பதற்கு இந்நூலையே எடுத்துக்காட்டாகச் சொன்னார், 1776-ல். நூலோ இன்றும் அச்சாகிறது. நிலைத்ததன் காரணத்தை அறிய இரண்டு பக்கங்களைப் பார்த்தால் போதும்.

முதற் பக்கம் சாபப் பக்கம். மூன்றாம் பகுதியில் டாக்டர் ஸ்லாப் என்ற கத்தோலிக்க மருத்துவர், தம் பையின் முடிச்சை அறுக்கப்போய்க் கட்டைவிரலை அறுத்துக்கொள்கிறார். முடிச்சுப் போட்ட வேலைக்காரனைச் சபிக்கத் தொடங்குகிறார். சபிப்பதானால் முறையாகச் சபியும் என்று, வீட்டுத் தலைவர் வால்டர் ஷாண்டி ஒரு தாளை நீட்டுகிறார். ராச்செஸ்டர் நகரில் காத்துவைத்த பழைய மதவிலக்குச் சாபம் அது. எர்னல்பஸ் என்னும் ஆயரின் பெயரால் வழங்குவது. நின்றாலும் நடந்தாலும், உண்டாலும் உறங்கினாலும், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, ஓர் உறுப்பும் தப்பாமல் சபிக்கும் சாபம்!

ஸ்டெர்ன் அதைச் சுருக்கவில்லை. இடப்பக்கத்தில் லத்தீன், வலப்பக்கத்தில் ஆங்கிலம் என்று முழுவதையும் எதிரெதிரே அச்சிட்டார். புரியாத மொழியில் இருந்தவரை அது புனிதம். பக்கத்திலேயே தாய்மொழியில் நின்றதும் அதன் குரூரம் பல்லிளித்தது. கேட்டுக்கொண்டிருந்த டோபி மாமா, சைத்தானைக்கூட இவ்வளவு கொடுமையாகச் சபிக்கத் தமக்கு மனம் வராது என்கிறார். வாதமில்லை, வசையில்லை, இரண்டு பத்திகளை எதிரெதிரே நிறுத்திய அச்சமைப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரோமாபுரியைக் கிண்டல் செய்வது அன்றைய இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரிக்கு ஆபத்தான செயலன்று என்பது உண்மையே. ஆயினும், மறைமொழியை மக்கள் மொழிக்கு எதிரே நிறுத்தினால் என்ன நிகழும் என்பதை அந்தப் பக்கம் காட்டிவிட்டது.

மற்றொரு பக்கம், வெற்றுப் பக்கம். விதவை வாட்மன் என்ற அழகியை வருணிக்க வேண்டிய இடத்தில், தாளை வெறுமையாக விட்டு, உம் மனத்திலுள்ள அழகியை நீரே வரைந்துகொள்ளும் என்கிறார் ஆசிரியர். எழுதுபவன் சொல்வான், படிப்பவன் தலையசைப்பான் என்ற முறை அங்கே உடைகிறது. வாசகனும் கூட்டாளி ஆகிறான்.

வாசகனைக் கூட்டாளி என்று அழைத்தால், எதிர்பாராத இடத்திலிருந்தும் ஒருவர் வருவாரல்லவா? வந்தார்! பெயர் இக்னேஷியஸ் சாங்க்கோ. அடிமையாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கறுப்பர். சிறுவயதில் அவரை வைத்திருந்த குடும்பம் எழுத்தறிவு தர மறுத்தது. கற்றால் கைமீறிவிடுவார் என்ற அச்சம்! அவரோ கற்றார். மாண்டேகு பிரபு குடும்பத்தில் பணிபுரிந்துகொண்டே நூல்களை விழுங்கினார். 1766-ல் ஸ்டெர்னுக்குக் கடிதம் எழுதினார்: அடிமைகளின் துயரைப் பற்றி உம் பாணியில் எழுதும், பலருடைய நுகத்தடி இலேசாகலாம் என்று வேண்டினார்.

அதே பொருள்பற்றித் தாமும் எழுதிக்கொண்டிருந்ததாக ஸ்டெர்ன் உடனே மறுமொழி தந்தார். அடுத்த ஆண்டு வந்த ஒன்பதாம் பகுதியில் அந்தக் காட்சி இருக்கிறது. ஒரு கடையில் ஒரு கறுப்புப் பெண் ஈக்களைக் கொல்லாமல், நீண்ட கோலில் கட்டிய வெள்ளை இறகுகளால் விரட்டுகிறாள். டிரிம் என்ற போர்வீரன் கேட்கிறான்: கறுப்பருக்கும் ஆன்மா உண்டா? உனக்கும் எனக்கும் தந்த ஆண்டவன் அவர்களை மட்டும் விட்டிருக்கமாட்டான் என்கிறார் டோபி. அப்படியானால் வெள்ளைப் பெண்ணைவிட அவளை இழிவாக நடத்துவானேன்? காரணமே இல்லை என்கிறார். சாட்டை இன்று நம் கையில் இருப்பது போரின் விளைவு. நாளை எவர் கையில் இருக்குமோ என்கிறார்.

அவளுடைய கதை? குளிர்கால மாலை ஒன்றில் சொல்கிறேன் என்கிறான் டிரிம். அந்த மாலை வரவே இல்லை! கறுப்புப் பக்கம், வண்ணப் பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாம் வைத்த நூலில், அவளுக்கென்று ஒரு பக்கம் இல்லை. எண்ணிடாத, எவர் கண்ணிலும் படாத வெற்றுப் பக்கம் அதுதான்.

அதை நிரப்ப, யாருடைய கதையோ அவர்களே வரவேண்டியிருந்தது. சாங்க்கோ வெஸ்ட்மின்ஸ்டரில் மளிகைக் கடை வைத்தார், 1774-ல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார், 1780-ல் இறந்தார். ஸ்டெர்னின் நடையைப்போலவே கோடுகள் துள்ளும் அவருடைய கடிதங்கள் 1782-ல் நூலாயின. 1789-ல், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற எக்கியானோ தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அடிமை வாணிபத்தைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1807-ல் நிறைவேறியது.

கடல் கடந்தும் அந்தப் பக்கம் நிரம்பிற்று. பிரேசில் நாட்டில், விடுதலை பெற்ற அடிமைகளின் பேரனாக 1839-ல் பிறந்த மச்சாடோ டி அசிஸ், தம் 'பிராஸ் கூபாஸ்' நாவலுக்கு ஸ்டெர்னின் கட்டற்ற வடிவை எடுத்ததாகக் குறிப்பிட்டார். 1881-ல் நூலாக வந்த அதில், ஓர் அத்தியாயம் முழுவதும் புள்ளிகளே! கதை சொல்பவன் செத்துப்போன செல்வன். சிறுவயதில் அடிமைப் பையனைக் குதிரையாக்கிச் சவாரி செய்தவன். அதை நாணமின்றிச் சொல்பவன். ஸ்டெர்ன் சிரிக்க வைத்த வடிவம், மச்சாடோ கையில் சிரிப்பவன் முகத்தையே காட்டும் கண்ணாடியாயிற்று. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல்.

இத்தகைய நூலை எப்படிப் படிப்பது? கதை எங்கே போகிறது என்று முதலில் கேட்காதீர்கள். இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கறுப்பாயின் ஏன் கறுப்பு? வெறுமையாயின் யாருக்காக வெறுமை? கேட்டுக் கேட்டுப் படிப்பவருக்கு நூலின் நீளம் பெரிதாகத் தோன்றாது. பிறகு, கோணலே இல்லாமல் சீராக அச்சான நூல்களையும் அதே கண்ணால் பாருங்கள், தோழர்களே! அவற்றிலும் வெற்றுப் பக்கங்கள் உண்டு. அவற்றை வெற்றிடம் என்று காட்டாமல் மறைத்திருப்பார்கள். யாருடைய கதை விடுபட்டது என்று கேட்பதே வாசகனின் முதல் உரிமை. விடுபட்டதை எழுதுவது அடுத்த கடமை.