முழுமையான கண் பரிசோதனை: எழுத்து அட்டையோடு முடிவதல்ல

கண் பரிசோதனை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சுவரில் மாட்டிய எழுத்து அட்டையும் கண்ணாடிக் கடையும்தான். கடைசி வரி வரை படித்துவிட்டால் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுந்து வந்துவிடுகிறோம். ஆனால் பார்வையைப் பறிக்கும் நோய்கள் சில, அந்தக் கடைசி வரியைப் படிக்க முடிகிற காலத்திலேயே உள்ளே தொடங்கிவிடுகின்றன.

நம் மாவட்டம் இதைக் கசப்பாகவே பார்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அப்படிப்பட்ட கண் வெளியே பார்க்கத் தெளிவாகவே இருக்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை திரும்பாது. டார்ச் வெளிச்சத்துக்குப் பாப்பா சரியாகச் சுருங்காததும், பின்பக்கம் நரம்பின் முனை முதலில் வீங்கி வாரக்கணக்கில் வெளுத்துப்போவதும்தான் மருத்துவருக்கு உண்மையைச் சொல்லும். கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனை என்று சொல்வது இதனால்தான்.

முழுப் பரிசோதனை கேள்விகளில் தொடங்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது கண்ணழுத்த நோய் (குளுக்கோமா) இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதை மறைக்கக் கூடாது. அது கண்ணழுத்தத்தை ஏற்றும். புரையையும் சீக்கிரம் கொண்டுவரும்.

அடுத்து 6 மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டை. சீட்டில் 6/18 என்று எழுதினால், நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்கிறீர்கள் என்று பொருள். எழுத்தறியாத பெரியவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மூன்று பற்கள் கொண்ட சீப்பு போன்ற ஒரு வடிவம் நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் அட்டை உண்டு; பற்கள் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் போதும். பிறகு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு பவர் பார்ப்பார்கள். ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி கருவிழியையும் லென்ஸையும் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். புரை தெரிவது இங்கேதான்.

கண்ணழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். அளவு சரியாக இருக்கும்போதே நரம்பு கெடுபவர்களும் உண்டு என்பதால் எண்ணை மட்டும் நம்பி விடமாட்டார்கள்.

கடைசிக் கட்டம் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. பலர் நழுவுவது இந்த இடத்தில்தான். மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும், வண்டி ஓட்டக் கூடாது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்தவருக்கு மாலைப் பேருந்துதான் பெரிய கவலை. “கண்ணாடிச் சீட்டு மட்டும் கொடுங்க” என்று கிளம்பிவிடுவார். அவர் தவறவிடுவது விழித்திரைப் பரிசோதனையை. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் இரத்தக் கசிவு, குளுக்கோமாவால் நரம்பு முனையில் விழும் குழி இரண்டும் ஆரம்பத்தில் வலிக்காது, மங்கலும் காட்டாது. குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை.

நோன்புக் காலத்தில் இந்தச் சொட்டு மருந்துக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களும், அதைவிட மோசமாக, அன்றாடம் போடும் குளுக்கோமா மருந்தைப் பகலில் நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து இடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்பு தெரிந்தாலும் சரி. சுர்மாவின் சட்டமும் இதுவே. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் கண் சொட்டு மருந்தை நோன்பை முறிக்காதவற்றில் சேர்த்தது. பேணுதலை விரும்புபவர், மருந்து விட்டதும் மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அது தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும். மருந்தும் கண்ணிலேயே நின்று நன்றாக வேலை செய்யும்.

சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களும், தாய் தந்தைக்குக் குளுக்கோமா இருந்தவர்களும் ஒருமுறையாவது முழுப் பரிசோதனை செய்துகொண்டு, அடுத்தது எப்போது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஊரில் நடக்கும் முகாம்கள் பெரும்பாலும் புரையைத் தேடுபவை. அங்கே “புரை இல்லை” என்று சொன்னால் வேறு நோயும் இல்லை என்று பொருளல்ல. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் போய்விட வேண்டும்.

மலையிலிருந்து வருபவர்கள் காலையிலேயே வந்து, திரும்பிப் போக வேண்டிய பேருந்து நேரத்தைப் பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய கண்ணாடி, மாத்திரை அட்டைகள், சர்க்கரை நோட்டு கையில் இருக்கட்டும். கூட ஒருவர் வருவது நல்லது. மருந்து விட்ட கண்ணோடு தனியாகப் படியிறங்குவது வயதானவர்களுக்குச் சிரமம்.