வைத்தியரும் விஞ்ஞானியும்: கரட் – பேற்சன் கடிதத் தொடர்பு

நோயுற்றோர் படுக்கையருகில் நின்று ஆராயும் வைத்தியரும், தோட்டத்திற் செடிகளையும் கூட்டிற் கோழிகளையும் வளர்த்து ஆராயும் உயிரியலறிஞரும் ஒருவரையொருவர் நாடுதல் அரிது. அவ்வாறு நாடிய இருவரின் நட்பினால் மனித பிறப்புரிமையியல் என்னும் துறை தோன்றிற்று. அவ்விருவர் இலண்டன் நகரத்து வைத்தியர் ஆச்சிபால்ட் கரட்டும், கேம்பிரிட்ச் அறிஞர் வில்லியம் பேற்சனும் ஆவர்.

கரட் 1857இற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் சேர் அல்பிரட் கரட், வாதநோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலைக் காட்டிப் புகழ்பெற்ற வைத்தியர். நோயை இரசாயனக் கண்கொண்டு நோக்கும் வழக்கம் மகனுக்குத் தந்தைவழி வந்த செல்வம் எனலாம். சென். பார்த்தலோமியு வைத்தியசாலையிலும், கிரேற் ஓமண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையிலும் பணியாற்றிய காலத்தில், சிறுநீர் காற்றுப்பட்டுக் கருநிறமடையும் அல்கப்டனூரியா என்னும் அரிய நிலை அவர் கருத்தைக் கவர்ந்தது. குடலிலே குடிகொண்ட கிருமிகளே அதற்குக் காரணம் என்பது அந்நாளைய கொள்கை. கிருமிகளைக் கண்டறிந்து வெற்றிமேல் வெற்றி கண்ட அக்காலத்தில், பிறிதொரு காரணத்தை எவரும் தேடாமை வியப்பன்று.

கரட்டிடம் வந்த குடும்பமொன்றில் இந்நிலை உடைய பிள்ளைகள் இருந்தனர். அத்தாய் மீண்டும் கருவுற்றிருந்தாள். 1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் குழந்தை பிறந்ததும், அதன் துணிகளைக் கவனித்து வருமாறு கரட் பணித்திருந்தார். மூன்றாம் நாளிலேயே துணிகளிற் கறை தோன்றிற்று. பிறவியிலேயே அமைந்த தன்மை இது என்னும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. பெற்றோரை வினவியபோது, அவர்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரியர் இருவரின் மக்கள் என்பது தெரிய வந்தது. பிற குடும்பங்களைப் பற்றி விசாரித்தபோதும் இத்தகைய உறவுமணமே மீண்டும் மீண்டும் தென்பட்டது. உண்மை கையிற் கிடைத்துவிட்டது; அதன் பொருளோ விளங்கவில்லை.

பொருளை விளக்க வல்லவர் பேற்சனே. மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரை, 1900ஆம் ஆண்டுவரை அறிஞர் கவனத்துக்கு எட்டாதிருந்தது. அது மீளக் கண்டறியப்பட்டதும், இங்கிலாந்தில் அதற்காக வாதாட முன்வந்தவர் இவரே. கரட்டின் செய்தியை அறிந்த பேற்சன், 1901 திசம்பரில் வேத்தியற் கழகத்துக்கு அளித்த அறிக்கையில் அதனைக் குறித்தார். பின்னிடைவான இயல்பொன்று அரிதாயிருப்பின், அதனை மறைவாகச் சுமக்கும் இருவர் மணந்து கொள்ளுதல் மிக அரிது. ஒரே பாட்டன் பாட்டியின் வழித்தோன்றல்கள் மணக்கும்போதோ அவ்வாய்ப்புப் பெருகும் என்பது அவர் விளக்கம். 1902 சனவரி தொடக்கம் இருவருக்குமிடையே கடிதங்கள் சென்று வந்தன. வைத்தியர் குடும்ப வரலாறுகளை அனுப்ப, விஞ்ஞானி விதியை எடுத்துரைத்தார். ஒருவரின்றி மற்றவர் முழுமை பெற்றிலர்.

அதன் பயன் அவ்வாண்டு திசம்பரில் ‘லான்செற்’ இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தில் உறவுமணங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றாக இருக்க, தாம் விபரம் திரட்டிய அல்கப்டனூரியாக் குடும்பங்களில் அவை நூற்றுக்கு அறுபதாக இருந்தன எனக் கரட் காட்டினார். மெண்டலின் விதி மனிதனின் நோய்நிலையொன்றுக்குப் பொருந்துதல் இவ்வாறு முதன்முதல் நிறுவப்பட்டது. பேற்சனுக்குரிய பெருமையை அவர் மறைக்காது எடுத்துரைத்தார்.

இவ்விடத்து நம்மவர் கருதற்குரியது ஒன்றுண்டு. தாய்மார் சகோதரியராயின் அவர்தம் மக்களைத் தமிழர் உடன்பிறந்தோராகவே கொள்வர். அவரிடையே மணம் நிகழாது. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணத்தல் முறையெனக் கொள்ளப்படும். மெண்டலின் விதி இம்முறையை அறியாது. இரு வகையினரும் பாட்டன் பாட்டியிடமிருந்து பெறும் பொதுப் பங்கு ஒன்றே. அரிய தன்மையொன்றை ஒருவர் சுமப்பாராயின், மற்றவரும் அதனைச் சுமத்தல் எட்டில் ஒரு வாய்ப்பாகும். இருவரும் சுமப்பின், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் அந்நிலையை அடைதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு.

1908இல் நிகழ்த்திய குரோனியன் விரிவுரைகளில் அனுசேபத்தின் பிறவிப் பிழைகள் என்னும் கருத்தைக் கரட் விரித்துரைத்தார். அடுத்த ஆண்டில் அவை நூலாயின. உடலின் இரசாயன மாற்றங்களுள் ஒருபடியை நடத்தும் நொதியம் இல்லாதொழியின், அப்படியோடு மாற்றம் தடைப்பட்டு நிற்கும் என்றார். முகம் வேறுபடுவதுபோல இரசாயன அமைப்பிலும் மனிதர் தம்முள் வேறுபடுவர் என்பது அவர் கண்ட பேருண்மை. ஆயின் வைத்தியர் பலர் அந்நூலை அரிய நோய்களின் விநோதத் தொகுப்பாகக் கருதினர். உயிரியலார் பலரோ அதனைப் படித்திலர். 1926இற் பேற்சனும் 1936இற் கரட்டும் மறைந்தனர். மூன்று புதல்வரையும் முதலாம் உலகப் போர்க்காலத்திலும் அதனை அடுத்தும் இழந்த துயரத்தைக் கரட் சுமந்திருந்தார்.

1941இற் பீடிலும் தேற்றமும் பூஞ்சணத்தை ஆராய்ந்து, பரம்பரையலகு நொதியத்தை ஆளுகின்றது என நிறுவினர். 1958இல் நொபெற் பரிசு பெற்ற பீடில், தாம் கண்டதைக் கரட் பல்லாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார் என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வாண்டிலேயே அல்கப்டனூரியா உடையார் ஈரலில் குறித்த நொதியம் செயற்படாமை மெய்ப்பிக்கப்பட்டது. 1996இற் பரம்பரையலகும் கண்டறியப்பட்டது. நடுவயதில் மூட்டுகளைச் சிதைக்கும் இந்நோய்க்கு நிற்றிசினோன் என்னும் மருந்து 2020இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது.

கடிதத்துக்கும் மருந்துக்கும் இடையே நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. துறைகளுக்கிடையே எழுந்த சுவரே அக்காலத்தின் பெரும்பகுதியை விழுங்கிற்று. அச்சுவரை 1902இல் தாண்டுதற்கு வேண்டியிருந்தவை, பிறர் அறிவை மதிக்கும் உள்ளமும் ஓர் அஞ்சற்றலையுமே.