மெக்லாரின் வழக்கு (1950): ஒரு முனைவர் பட்ட விண்ணப்பத்தின் வரலாறு

மெக்லாரின் வழக்கு என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950 ஜூன் 5 அன்று தீர்ப்பளித்த இன ஒதுக்கல் வழக்காகும். கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விரும்பிய கறுப்பின ஆசிரியர் ஒருவர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திற்கு அளித்த விண்ணப்பமே இதன் தொடக்கம். பள்ளிகளில் இன ஒதுக்கலை ஒழித்த 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கு பாடநூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. அதற்கு வழி அமைத்த இவ்வழக்கோ பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

பின்னணி

கல்வியியல் முனைவர் என்னும் பட்டம் அமெரிக்காவில் 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆய்வாளர்களுக்கான பட்டமாக அல்லாமல், பள்ளிகளையும் பள்ளி மாவட்டங்களையும் நடத்துவோருக்கான பட்டமாக அது கருதப்பட்டது. தலைமையாசிரியராகவோ கண்காணிப்பாளராகவோ ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியராகவோ உயர விரும்பிய ஆசிரியர்கள் அதை நாடினர்.

தென் மாநிலங்களின் கறுப்பின ஆசிரியர்களுக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. 1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி தீர்ப்பு, வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்து வைக்கலாம் என்றது. மேற்படிப்பில் அந்தச் சமம் பெயரளவுக்குக்கூட இல்லை. ஓக்லஹோமாவில் கறுப்பினத்தவருக்கென இருந்த லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பு கிடையாது. இரு இனத்தவரும் சேர்ந்து படிக்கும் கல்விக்கூடத்தை நடத்துவதும், அதில் கற்பிப்பதும், படிப்பதும் மாநிலச் சட்டப்படி குற்றம். அதற்கு நாள் கணக்கில் அபராதம்.

1946இல் ஏடா லோயிஸ் சிப்யூவல் என்ற இளம்பெண் ஓக்லஹோமா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். அவருக்கும் சட்டக் கல்வி தரவேண்டும் என்று 1948 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாநில அரசு சில நாட்களிலேயே தலைமைச் செயலகக் கட்டடத்தில் அறைகளை ஒதுக்கி, கறுப்பினத்தவருக்கான 'சட்டப் பள்ளி' திறந்தாயிற்று என்று அறிவித்தது! சிப்யூவல் அங்கே சேர மறுத்தார்.

விண்ணப்பமும் சேர்க்கையும்

ஒரு சட்டப் பள்ளியை அவசரமாக ஏற்படுத்திவிடலாம். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே மேற்படிப்புப் பள்ளிகளை எந்த மாநிலத்தால் கட்ட முடியும்? கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. இதைக் கணக்கிட்டே அடுத்த அடியை எடுத்து வைத்தது. 1948இல் பல்வேறு மேற்படிப்புகளுக்குக் கறுப்பின மாணவர்கள் ஒரே சமயத்தில் விண்ணப்பித்தனர். அவர்களுள் ஜார்ஜ் டபிள்யூ. மெக்லாரினின் வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்வதென முடிவாயிற்று. லாங்ஸ்டனில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர் ஏற்கெனவே முதுகலைப் பட்டம் பெற்றவர். இனக்கலப்புத் திருமணம் நேர்ந்துவிடும் என்று எதிர்ப்பாளர்கள் கிளப்பிய அச்சத்தை முறியடிக்கவே வயதில் மூத்த அவரைத் தேர்ந்தெடுத்ததாகச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் பிற்காலத்தில் கூறினார்.

கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் மெக்லாரினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1948 அக்டோபரில் அவர் சேர்க்கப்பட்டார். ஆனால் வகுப்பறைக்குள் அவருக்கு இடமில்லை. வகுப்பை ஒட்டிய சிற்றறையில் ஒரு மேசை போடப்பட்டது. திறந்த வாயில் வழியே ஆசிரியரைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். நூலகத்தில் இடைத்தளத்தில் ஒரு தனி மேசை. பொதுப் படிப்பறையில் அவர் அமரக் கூடாது. உணவகத்தில் குறித்த ஒரு மேசையில், மற்றவர்கள் உண்ணாத வேளையில் உண்ண வேண்டும். அவர் தனியே அமர்ந்து வகுப்பை நோக்கும் ஒளிப்படம் இன்றும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. 1949இல் மாநிலச் சட்டமன்றமும் சட்டத்தைத் திருத்தி, 'பிரிவினையுடன்' சேர்த்துக்கொள்ளலாம் என அனுமதித்தது.

மெக்லாரின் மீண்டும் அதே நீதிமன்றத்தை அணுகினார். இம்முறை தோல்வி. அதே ஆசிரியர், அதே பாடம், அதே நூல்கள் கிடைக்கும்போது குறை என்ன என்பதே மாநிலத்தின் வாதத்தின் சாரம். பாடம் காதில் விழுந்தால் கல்வி கிடைத்துவிட்டது என்று எண்ணுவோர்தாம் இப்படி வாதிட முடியும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது பல்கலைக்கழகம் ஏற்பாடுகளைச் சற்றே மாற்றியது. ஒரு கட்டத்தில் வகுப்பறைக்குள்ளேயே கம்பித் தடுப்பு அமைத்து, கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்று பலகை மாட்டினர். பிறகு அதையும் அகற்றித் தனி வரிசை ஒதுக்கினர்.

தீர்ப்பு

உச்ச நீதிமன்றத்தில் மெக்லாரினுக்காக ராபர்ட் எல். கார்ட்டரும் அமோஸ் ஹாலும் வாதாடினர். தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சன் எழுதிய தீர்ப்பு ஒருமனதானது. சக மாணவர்களோடு கலந்து பேசி, கருத்துகளைப் பரிமாறி, தொழிலைக் கற்கும் வாய்ப்பை இக்கட்டுப்பாடுகள் குலைக்கின்றன என்று நீதிமன்றம் கண்டது. மாணவர்கள் சிலர் அவரோடு பழக விரும்பாமல் போகலாம். அது வேறு, பழகவே கூடாதென அரசு தடுப்பது வேறு என்றும் விளக்கியது.

தீர்ப்பின் இன்னொரு பகுதி ஆசிரியப் பணியில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. கல்வியில் உயர்பட்டம் நாடுபவர் பிறரை வழிநடத்தவும் பயிற்றுவிக்கவும் போகிறவர். அவருடைய பயிற்சியில் குறை நேர்ந்தால் அது அவரோடு நிற்காது. நாளை அவரிடம் பயில்வோரின் கல்வியும் அந்த அளவுக்குக் குறைபடும். ஒரு மேசையை எங்கே போடுவது என்ற வழக்கில், அந்த மேசையில் அமர்ந்தவரின் வருங்கால மாணவர்களையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டனர்.

அதே நாளில் டெக்சாஸ் சட்டப் பள்ளி தொடர்பான ஸ்வெட் வழக்கிலும் கறுப்பின மாணவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இரண்டுமே மேற்படிப்புக்கு மட்டும் பொருந்துபவை. பிளெஸ்ஸி தீர்ப்பை நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பிரவுன் வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் மெக்லாரின் தீர்ப்பைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டினார். அதில் முதிர்ந்த மாணவர் ஒருவருக்காகச் சொல்லப்பட்ட காரணங்கள், தொடக்கப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும் என்று அவர் எழுதினார்.