காலத்தை எழுதிவைத்த இரு மரபுகள்: காதங்கி ரேடாரும் நிகழ்நேர இயங்குதளக் கையேடுகளும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், பாகாலா மண்டலத்துக்குள் அடங்கிய காதங்கியில், சுமார் 130 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுர நிலத்தில் யாகி ஆன்டெனாக்கள் நிற்கின்றன. குறுக்காகப் பிணைத்த ஜோடிகளாக 1024. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை. விண்வெளித் துறையின் கீழ் 1992இல் தேசிய எம்எஸ்டி ரேடார் மையமாகத் தொடங்கிய இந்த இடம் 2005இல் தேசிய வளிமண்டல ஆய்வகம் என்று பெயர் மாறியது. 2022இல் ஆந்திரத்தின் மாவட்ட எல்லைகள் மாறியபோது பாகாலாவும் சித்தூரை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. பழைய ஆய்வேடுகளில் ‘சித்தூர் மாவட்டம்’ என்றே இருப்பதைப் பார்த்து இரண்டு ரேடார் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த ரேடார் கண்ட காற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே எடுத்துக்கொள்வது வேறு கேள்வி. நேரம் தவறக் கூடாத ஒரு கருவியின் கால அளவுகளை எங்கே, யார் படிப்பதற்காக எழுதிவைத்தார்கள்? காதங்கி ரேடார் உருவான அதே ஆண்டுகளில் நிகழ்நேர இயங்குதளங்களை எழுதியவர்களும் இதே கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பாருக்கும் தொடர்பில்லை, விடைகளும் எதிரெதிர். ஒரு தரப்பு மனிதர் படிக்கும் அட்டவணையை எழுதியது. மற்றது இயந்திரம் நிறைவேற்றும் கோப்பை எழுதியது. முதல் மரபு ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் நலிந்து, கடைசியில் இரண்டாவதன் வழிக்கே வந்து சேர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காதங்கியிலிருந்து தொடங்கலாம். தெளிந்த வானத்திலிருந்தே ரேடியோ எதிரொலி பெற்றுக் காற்றை அளக்கலாம் என்பதைப் பெரு நாட்டின் ஹிக்காமர்க்காவில் உட்மனும் கியேனும் 1974இல் காட்டினார்கள். அந்த வழியில் வந்ததே 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்திய ரேடார். இதை வடிவமைத்து நிறுவியது மும்பையின் சமீர் நிறுவனம். முதல் அமைப்பில் உச்ச ஆற்றல் 2.5 மெகாவாட். ஆனால் அலைபரப்பிகள் எப்போதும் முழங்கிக்கொண்டிருக்கவில்லை. மொத்த நேரத்தில் 2.5 சதவீதத்துக்கு மேல் அவை ஒலிபரப்பக் கூடாது என்பது வரம்பு. மீதி நேரமெல்லாம் கேட்பதற்கு.

எதிரொலி போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மைக்ரோ விநாடி என்பது 150 மீட்டர் உயரம். கருவி நேரத்தில் அவ்வளவு பிசகினால் காற்று 150 மீட்டர் மேலேயோ கீழேயோ பதிவாகிவிடும். காதங்கியில் வழக்கமாகப் பயன்பட்ட ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். 16 மைக்ரோ விநாடி நீளமுள்ள குறியீடிட்ட துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 1000 மைக்ரோ விநாடி. துடிப்பு ஒலிக்கும் வரை ரிசீவரால் எதையும் கேட்க முடியாது. அந்த 16 மைக்ரோ விநாடியிலேயே 2.4 கிலோமீட்டர் போய்விடுகிறது. காதங்கி அளவீடுகள் பொதுவாக ஏறக்குறைய 3.6 கிலோமீட்டரில் தொடங்குகின்றன, அதாவது 24ஆம் மைக்ரோ விநாடியில். இடைப்பட்ட எட்டும் ஸ்விட்ச் மாறுவதற்கும் ரிசீவர் தெளிவதற்கும் விட்ட இடம் என்று கணக்குப் போடலாம். அதற்குக் கீழுள்ள காற்றைப் பார்க்க, ஜப்பானிய ஒத்துழைப்புடன் தனியாக ஒரு சிறு காற்றலைமானி அங்கே வைக்கப்பட்டது.

மேல்பக்கக் கணக்கும் இதே வகைதான். 64 துடிப்புகளைக் கூட்டி ஒரு புள்ளி. அப்படி 512 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு நிறமாலை. ஆயிரம் மைக்ரோ விநாடியை 64ஆலும் 512ஆலும் பெருக்கினால் 32.768 விநாடி. கற்றையை ஆறு திசைகளுக்குத் திருப்ப மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். காற்றின் முப்பரிமாணச் சித்திரம் ஒன்று கிடைக்க அவ்வளவு நேரம்.

இந்த எண்களெல்லாம் எங்கே எழுதப்பட்டன என்பதுதான் நமக்கு முக்கியம். ரேடாரின் அமைப்பை விவரித்து பி.பி. ராவ் முதலியோர் 1995இல் ‘ரேடியோ சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, பரிசோதனை விவரக் கோப்பு என்ற ஒன்றைச் சொல்கிறது. துடிப்பின் நீளம், இடைவெளி, குறியீடு உண்டா இல்லையா, கூட்டல் எண்ணிக்கை, கற்றைத் திசைகள், எந்த உயரத்திலிருந்து எது வரை பதிய வேண்டும் என்று விஞ்ஞானி அதில் எழுதுகிறார். ஒரு பிசி/ஏடி கணினி அதைப் படித்து ரேடாரை ஓட்டுகிறது. அந்தக் காலத்து மேசைக் கணினிதான், அதற்கு 2.5 மெகாவாட் கட்டுப்பட்டு நடந்தது.

இங்கே ஆவணமும் கட்டளையும் ஒரே பொருள். 32 மைக்ரோ விநாடித் துடிப்பை 1000 மைக்ரோ விநாடி இடைவெளியில் ஒருவர் எழுதினால் பங்கு 3.2 சதவீதமாகி வரம்பைத் தாண்டும். 1280க்குக் குறையாத இடைவெளி வேண்டும். அந்தத் தவறு அச்சுப்பிழையாக அலமாரியில் உறங்காது, அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். பத்தாண்டு கழித்து ஒரு பதிவை மறுபடி ஆராய்பவருக்கும் அப்போது ரேடார் என்ன அளவில் ஓடியது என்பதற்கு அந்தக் கோப்பே சாட்சி.

மற்ற மரபு அமெரிக்காவின் ஹண்ட்ஸ்வில்லில் பிறந்தது. 1980களின் இறுதியில் அந்நாட்டு ராணுவத்தின் ஏவுகணைப் பிரிவுக்காக ஓஏஆர் என்ற சிறு நிறுவனம் ஆர்டெம்ஸ் என்னும் நிகழ்நேர இயங்குதளத்தை எழுதத் தொடங்கியது. பின்னர் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரே இயங்குதளம் பல நுண்செயலிகளில் ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படை நோக்கம். நோக்கம் நல்லதுதான், ஆனால் கால அளவுகள் அதற்குப் பிடிகொடுக்கவில்லை. ஒரு பணியை நிறுத்தி வேறு பணிக்கு மாற எவ்வளவு ஆகும், குறுக்கீடு வந்தால் எத்தனை மைக்ரோ விநாடியில் கவனிக்கப்படும் என்பவை நிரலைப் பார்த்தால் மட்டும் தெரியாது. செயலி, நினைவகம், பலகை மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆகவே பொதுக் கையேடு ஒன்று, செயலிக்கொரு துணைநூல் ஒன்று என்று பிரித்தார்கள். ஒவ்வொரு துணைநூலிலும் குறிப்பிட்ட ஒரு பலகையில் அளந்த கால அட்டவணை இடம்பெற்றது.

68020 துணைநூலின் அட்டவணை இந்த வகைக்கு நல்ல மாதிரி. மோட்டரோலாவின் எம்விஎம்இ வரிசைப் பலகை, 20 மெகாஹெர்ட்ஸ், ஒரு காத்திருப்புச் சுழற்சி கொண்ட நினைவகம், அரை மைக்ரோ விநாடி வரை காட்டும் ஸைலாக் கடிகாரச் சில்லு என்று எல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருந்தன. 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 50 நானோ விநாடி. எனவே அந்தக் கடிகாரத்தின் ஒரு கோட்டுக்குள் பத்துச் சுழற்சி அடங்கும். அதற்குள் நடப்பது தெரியாது. இதைவிடக் கவனிக்க வேண்டியது, குறுக்கீடுகள் அணைந்திருக்கும் அதிகபட்ச நேரத்துக்கான எண். அது அளந்ததல்ல. அந்த இடைவேளையில் ஓடும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் சுழற்சிகளைக் கூட்டி 20ஆல் வகுத்த கணக்கு. அப்படிக் கூட்டியபோது நினைவகத்துக்குக் காத்திருப்பே இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். அதேசமயம் செயலிக்குள்ளிருக்கும் கேஷும் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே அட்டவணையில் சில எண்கள் மெதுவான நினைவகத்தில் அளந்தவை, ஓர் எண் கற்பனையான வேகமான நினைவகத்தில் கணக்கிட்டது! எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, முன்குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை மட்டும் தன் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் பொறியாளரிடம் அந்த முன்குறிப்பு கூடவே போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

பராமரிப்புக்கு அவர்கள் செய்த ஏற்பாடு அக்காலத்துக்குக் கெட்டிக்காரத்தனமானது. எண்களைப் புத்தகத்தின் உரைக்குள் எழுதாமல் ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கோப்பில் வைத்தார்கள். துணைநூல் தயாராகும்போது பெயர்களின் இடத்தில் அந்த எண்கள் வந்து அமரும். அளப்பதற்கென்று தனிச் சோதனை நிரல்களின் தொகுதியும் இருந்தது. சோதனை ஓட்டி, கோப்பைத் திருத்தி, நூலை மறுபடி உருவாக்கினால் வேலை முடிந்தது.

ஆனால் சோதனையை ஓட்டப் பலகை வேண்டும். பலகைகள் சந்தையிலிருந்து மறைந்தன. இயங்குதளத்தின் உள்ளே நிரல் மாறிக்கொண்டே இருந்தது, கம்பைலரும் மாறியது, அட்டவணை மட்டும் என்றோ அளந்த எண்ணோடு நின்றது. சில செயலிகளுக்குக் கையில் பலகையே இல்லாமல் சிமுலேட்டரில் ஓட்டிய எண்களே அச்சேறின. ஐரோப்பிய விண்கலங்களுக்கான இஆர்சி32 அப்படித்தான். இன்றைய துணைநூலில் கால அளவுகளுக்கான அந்த அத்தியாயங்களே இல்லை. தவறான எண்ணைவிட எண் இல்லாமலிருப்பது மேல் என்று எடுத்த முடிவாக இதைப் பார்க்கலாம். எனக்கு இது பாதி நியாயமாகத்தான் படுகிறது. 20 மெகாஹெர்ட்ஸில் நேரம் எங்கே செலவாகிறது என்பதைப் புதியவருக்குக் காட்ட அந்தப் பழைய அட்டவணைகளைப் போல் வேறொன்று கிடையாது.

அட்டவணை மரபை முற்றாக வீழ்த்தியது கேஷ் நினைவகம். ஒரே கட்டளை, ஒரே செயலி. முன்பு ஓடிய நிரல் கேஷில் எதை விட்டுச் சென்றது என்பதைப் பொறுத்து நேரம் பல மடங்கு மாறும். ஒற்றை எண்ணால் சொல்லக்கூடிய உண்மை அங்கே இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆதரவில் ஜிஆர்712ஆர்சி, ஜிஆர்740 ஆகிய பல்கருச் செயலிகளுக்கு ஆர்டெம்ஸைத் தகுதிப்படுத்தியபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். கேஷ் தொடர்பற்ற தரவால் நிரம்பியிருக்கும் நிலை, தேவையானதே சூடாகக் கிடக்கும் நிலை, எழுதப்படாத தரவால் அழுக்கேறிய நிலை, மற்ற கருக்கள் நினைவகத்தை மொய்க்கும் நிலை என்று சூழல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம், இடைநிலை, அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பைக் கணினி படிக்கும் விவரக்குறிப்பாக எழுதினார்கள். அந்த விவரக்குறிப்பிலிருந்தே சோதனை நிரல் பிறக்கிறது. அதிலிருந்தே ஆவணமும் பிறக்கிறது. வரம்பு மீறினால் சோதனை தோற்கும். பிசி/ஏடி படித்த அந்தப் பரிசோதனைக் கோப்பின் தூரத்து உறவு என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

காதங்கி மரபுக்கும் ஒரு குறை உண்டு. கோப்பு சொல்வது கட்டளை இட்ட நேரத்தை. கம்பியில் சமிக்ஞை நகர எடுக்கும் தாமதம், ஸ்விட்ச் உண்மையில் மாறிய கணம், ரிசீவர் வடிகட்டியில் கரையும் நேரம் எதுவும் அதில் இல்லை; அவற்றை அளந்துதான் கழிக்க வேண்டும். முதல் ரேடாரில் 32 அலைபரப்பிகள், ஒவ்வொன்றுக்கும் 32 ஆன்டெனா. பின்னர் ரேடார் புதுப்பிக்கப்பட்டபோது, ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் அருகிலேயே ஒரு கிலோவாட் திட நிலை அனுப்பு-பெறு மாட்யூல் வந்தது, மொத்தம் 1024. கற்றையை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்ற சுதந்திரம் இதில் கிடைத்தது. விலையாக, அளந்து பராமரிக்க வேண்டிய வரிகளும் 1024 ஆயின. 53 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலை 18.9 நானோ விநாடி. கட்டத்தில் பத்து டிகிரி பிசகு என்பது அரை நானோ விநாடியை ஒட்டிய நேரம். உயரத்தைக் கணக்கிட மைக்ரோ விநாடி போதும். திசையைக் காக்க அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். இந்தத் திருத்தப் பட்டியலை எந்தக் கட்டளைக் கோப்பாலும் ஊகிக்க முடியாது. பழைய துணைநூலின் அட்டவணையைப் போலவே இதையும் மனிதர்தான் திரும்பத் திரும்ப அளந்து புதுப்பிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் இப்போது செயலிப் பக்கமும் வந்திருக்கிறது. ராக்கெட் வழிநடத்தலுக்கு 2009 முதல் 16 பிட் விக்ரம்1601 பயன்பட்டு வந்தது. 2025 மார்ச்சில் 32 பிட் விக்ரம்3201, கல்பனா3201 ஆகிய இரண்டும் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டன. இரண்டாவது, ஸ்பார்க் 8 கட்டமைப்பைப் பின்பற்றுவது. இஆர்சி32உம் ஐரோப்பாவின் லியான் வரிசையும் அதே குடும்பம் என்பதால் அவற்றுக்கென எழுதிய மென்பொருள் அதிக மாற்றமின்றி ஓட வாய்ப்புண்டு. கால அளவுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தக் கட்டமைப்பில் செயலியின் பதிவகங்கள் ஜன்னல் ஜன்னலாகப் பிரிந்திருக்கும். நிரல் ஒன்றுக்குள் ஒன்றாக ஆழமாக அழைத்துக்கொண்டு போகப் போக ஜன்னல்கள் நிரம்பும். பணி மாறும்போது நிரம்பியவற்றை, ஒவ்வொன்றுக்கும் 16 பதிவகம் வீதம், நினைவகத்தில் இறக்கியாக வேண்டும். ஆகவே பணி மாற்றத்துக்கான நேரம், மாறும் கணத்தில் நிரல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. இஆர்சி32க்கு எட்டு ஜன்னல். ஸ்பார்க் 8 வரையறையோ இரண்டிலிருந்து முப்பத்திரண்டு வரை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும்படி தயாரிப்பாளரிடம் விட்டிருக்கிறது.